தொப்பியை வைத்தது யார்?

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு மாணவத் தோழர் வண்ண ஓவியப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்பெயின் நாட்டு ஓவியர் கோயா 1798-இல் வரைந்த 'சூனியக்காரிகளின் பறத்தல்'. மாட்ரிட் நகரத்து ப்ராதோ அருங்காட்சியகத்தில் இருப்பது. கூடவே ஒரு தாளில் பட்டியலும் எழுதி வைத்திருந்தார். கழுதை என்றால் அறியாமை. கறுப்புப் பின்னணி என்றால் மூடநம்பிக்கை. போர்வை போர்த்தியவன் என்றால் பயந்துபோன பொதுஜனம். கூம்புத் தொப்பி என்றால் சூனியம். வாசித்து முடித்துவிட்டு, "அவ்வளவுதான் தோழர், படம் புரிஞ்சிடுச்சு" என்றார்.

மூலையில் உட்கார்ந்திருந்த துப்புரவுத் தொழிலாளர் சங்கத்து அம்மா ஒருவர் படத்தை வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் தம்பி, இந்தத் தொப்பிய அவங்களே வச்சுக்கிட்டாங்களா, இல்ல யாராச்சும் வச்சுவிட்டாங்களா?"

யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். பட்டியல் போட்ட தோழரைக் குறை சொல்ல அல்ல. பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் படம். உயரம் 43.5 செ.மீ., அகலம் 30.5 செ.மீ. பெரிய படமில்லை. இருட்டான வானத்தில் மூன்று உருவங்கள் பறக்கின்றன. இடுப்புக்கு மேலே துணியில்லை. சூனியக்காரிகள் என்று தலைப்பு சொன்னாலும் உடல் ஆண் உடல் மாதிரிதான் தெரிகிறது. தலையில் நீண்ட கூம்புத் தொப்பி. தொப்பியின் உச்சி இரண்டாகப் பிளந்திருக்கிறது. மூன்று பேருமாக நிர்வாணமான ஒரு மனிதனைத் தூக்கிப் பிடித்து அவன் உடம்பில் வாய் வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறிஞ்சுகிறார்களா, காற்று ஊதுகிறார்களா? இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். கீழே தலையோடு வெள்ளைத் துணி போர்த்திய ஒருவன் ஓடுகிறான். இரண்டு கையிலும் கட்டைவிரலை விரல்களுக்கு நடுவில் நுழைத்துப் பிடித்திருக்கிறான். அவர்கள் ஊரில் கண்ணேறு படாமலிருக்கச் செய்கிற சைகை அது. இன்னொருவன் தரையில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டிருக்கிறான். வலது பக்கம் ஒரு கழுதை சும்மா நிற்கிறது.

இதற்கு வழக்கமான வாசிப்பு ஒன்று உண்டு. கோயா அறிவொளிக் காலத்துக் கலைஞன். மூடநம்பிக்கையைக் கேலி செய்தவன். கீழே இருப்பவன் பார்க்க மறுக்கிறான், இன்னொருவன் கேட்க மறுக்கிறான், கழுதை இரண்டுக்கும் சாட்சி. ஆக, சூனியம் என்பது அறியாமையின் கனவு. இந்த வாசிப்பு தப்பில்லை. இதற்கு ஆதாரமும் உண்டு. 1799-இல் கோயா வெளியிட்ட 'கப்ரிச்சோஸ்' என்ற 80 செதுக்குப் படங்களில், பகுத்தறிவு தூங்கினால் பூதங்கள் பிறக்கும் என்கிற பொருளில் தலைப்பிட்ட படம் ஒன்று இருக்கிறது. நாம்கூட அதை எத்தனையோ துண்டுப் பிரசுரங்களுக்கு அட்டைப்படமாகப் போட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த வாசிப்பில் குற்றவாளி யார் என்று கவனியுங்கள். அறியாமை. அறியாமை யாரிடம் இருக்கிறது? கழுதை மேய்க்கிறவனிடம், போர்வைக்காரனிடம், கிராமத்துக் கிழவியிடம். படித்தவன் இந்தப் படத்துக்கு வெளியே நின்றுகொண்டு ரசிக்கிறான். அவனுக்கு இதில் பங்கே இல்லை. இங்கேதான் அந்த அம்மாவின் கேள்வியை வைக்க வேண்டியிருக்கிறது.

கூம்புத் தொப்பிக்கு ஸ்பானிய மொழியில் 'கொரோசா' என்று பெயர். சூனியக்காரி தையல்காரனிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டதல்ல. கத்தோலிக்க மதவிசாரணை மன்றம், அதாவது இன்குவிசிஷன், தண்டனைக்குரியவர்கள் தலையில் வைத்த காகிதத் தொப்பி அது. உடம்பில் 'சாம்பெனிட்டோ' என்கிற அவமான அங்கி. இரண்டையும் மாட்டி, ஊர் கூடிப் பார்க்க ஊர்வலமாகக் கூட்டிப்போய், மேடையில் நிற்கவைத்துத் தீர்ப்பு வாசிப்பார்கள். தீர்ப்போடு முடிந்துவிடாது. தண்டிக்கப்பட்டவரின் அங்கியைப் பெயரோடு தேவாலயத்தில் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. மகனும் பேரனும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் பார்த்துக்கொண்டு ஜெபிக்க வேண்டும். அவர்களுக்குப் பதவி கிடையாது, கௌரவமான வேலை கிடையாது. 'ரத்தச் சுத்தம்' என்று ஒரு கோட்பாட்டையே வைத்து, யூத, முஸ்லிம் வம்சத்தில் வந்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிய நாடு அது. நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிறப்பைக் கொடியில் காயப்போட்டு ஊருக்குக் காட்டுவது எப்படி இருக்கும் என்று நம் தெருவில் பிறந்த யாருக்கும் தெரியும்.

ஆக, தொப்பி சூனியத்தின் குறியீடு அல்ல, தீர்ப்பின் குறியீடு. தொப்பி வைத்ததால்தான் அவள் சூனியக்காரி. இதை வெறும் வாதமாகச் சொல்லவில்லை. நடந்த கதை இருக்கிறது.

ஸ்பெயினின் வடக்கே, பிரெஞ்சு எல்லையை ஒட்டி சுகர்ராமுர்டி என்று ஒரு சின்ன ஊர். பாஸ்க் மொழி பேசுகிற விவசாயிகளும் ஆடு மேய்க்கிறவர்களும் வாழ்ந்த ஊர். 1608-இல் பிரான்சிலிருந்து திரும்பி வந்த ஒரு இளம்பெண், தான் சூனியக் கூட்டத்துக்குப் போனதாகவும் அங்கே இன்னார் இன்னாரைப் பார்த்ததாகவும் சொன்னாள். ஊரில் கலவரம். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவர்கள் தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். ஊர் மன்னித்தது. விஷயம் அதோடு முடிந்தது. கழுதை என்று நாம் கைகாட்டுகிற அந்த 'அறியாத' சனங்கள் யாரையும் கொளுத்தவில்லை. பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

முடிந்துபோன விஷயத்தைத் தோண்டி எடுத்தது மதவிசாரணை மன்றம். 1609-இல் ஆள் வந்தது, கைது நடந்தது, லோக்ரோன்யோ நகரத்துச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். நீதிபதிகள் மூன்று பேர். மூவரும் படித்தவர்கள், சட்டமும் இறையியலும் தெரிந்தவர்கள். கைதிகளுக்கு ஸ்பானியமே தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வைத்து விசாரித்தார்கள். பலர் சிறையிலேயே செத்தார்கள். 1610 நவம்பர் 7, 8 தேதிகளில் பெருங்கூட்டத்தின் முன்னால் தீர்ப்பு. 6 பேரை உயிரோடு எரித்தார்கள். சிறையில் செத்துப்போன 5 பேரை எலும்போடும் கொடும்பாவியோடும் எரித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "ஆமாம், நான் சூனியக்காரிதான், சாத்தானைக் கும்பிட்டேன்" என்று ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலோர் உயிர் தப்பினார்கள். உயிரோடு எரிக்கப்பட்ட ஆறு பேர், "நான் அப்படி எதுவும் செய்யவில்லை" என்று கடைசிவரை சொன்னவர்கள். பொய் சொன்னால் பிழைக்கலாம், உண்மை சொன்னால் நெருப்பு. தோழர்களே, இதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? இதற்குப் பெயர் அலுவலகம்.

நான் வங்கியில் கிளார்க். ஒரு காகிதம் எப்படி மனுஷனை ஜெயிக்கும் என்று தினமும் கவுண்டரில் பார்க்கிறேன். முதியோர் பென்ஷன் வாங்க ஒரு கிழவி வருவார். பாஸ்புக்கில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் ஒரு எழுத்து மாறியிருக்கும். "இது நீங்க இல்லம்மா" என்று நான் சொல்ல வேண்டும். "நான்தான்யா அது, என்னைப் பார்த்தா தெரியலையா?" என்பார். தெரிகிறது. ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. என் எதிரே நிற்கிற மனுஷியைவிட என் மேஜையில் இருக்கிற காகிதம் அதிக உண்மை. லோக்ரோன்யோவில் நடந்ததும் இதேதான், விளைவுதான் கொடூரம். கேள்வி முன்கூட்டியே தயார். பதில் அந்தக் கேள்விக்குப் பொருந்தினால் வாக்குமூலம், பொருந்தாவிட்டால் பிடிவாதம். சூனியக்காரி பறந்தது வானத்தில் அல்ல, கோப்பில்.

இன்னொரு ஓவியத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இதே வரிசையில் கோயா வரைந்த 'சூனியக்காரிகளின் கூட்டம்'. மாட்ரிட்டில் லாசரோ கல்தியானோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் கொம்பில் இலைமாலை சுற்றிய பெரிய ஆட்டுக்கடா, சாத்தான். சுற்றி வயதான பெண்கள். கையில் எலும்பும் தோலுமான குழந்தைகள். நம் பட்டியல் தோழர் 'கடா என்றால் சாத்தான்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். கடா எங்கிருந்து வந்தது? இந்தக் கூட்டத்துக்கு ஸ்பானியத்தில் 'அக்கெலாரே' என்று பெயர். பாஸ்க் மொழியில் 'கடா மேயும் புல்வெளி' என்று பொருள் சொல்கிறார்கள். ஆனால் பழைய சொல் 'அல்கெலாரே' என்றும், அது ஒரு செடியின் பெயரால் அழைக்கப்பட்ட வெறும் மேய்ச்சல் நிலம் என்றும், விசாரணை அதிகாரிகளின் காதில் அது கடாவாக மாறிவிட்டது என்றும் வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால், ஒரு ஏழைச் சனத்தின் மேய்ச்சல் நிலம் ஆளும் மொழியில் பெயர்க்கப்பட்டபோது சாத்தானின் சபையாகிவிட்டது. குறியீடு சும்மா பிறப்பதில்லை. யாரோ ஒருவர் காதில் வாங்கி, யாரோ ஒருவர் எழுதி, யாரோ ஒருவர் முத்திரை வைத்துத்தான் பிறக்கிறது.

இதை அந்த அலுவலகத்துக்குள்ளேயே ஒரு ஆள் கண்டுபிடித்தார் என்பதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. மூன்று நீதிபதிகளில் இளையவரான அலோன்சோ டி சலசார் ஃப்ரியாஸ் 1611-இல் அந்த மலைப்பகுதி முழுக்கச் சுற்றினார். சுமார் 1,800 பேரை விசாரித்தார். பெரும்பாலோர் குழந்தைகள். சூனியக் களிம்பு என்று கொடுத்ததையெல்லாம் சோதித்துப் பார்த்தார். ஒன்றிலும் ஒன்றுமில்லை. இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும் வரை அந்தப் பகுதியில் சூனியக்காரிகளும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவர்களும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். 1614-இல் மன்றத்தின் தலைமை விதிமுறைகளை மாற்றியது. ஸ்பானிய மதவிசாரணை மன்றம் சூனியத்துக்காக எரிப்பது ஏறத்தாழ அதோடு நின்றது. 11 பேர் சாம்பலான பிறகு வந்த ஞானம். ஆனாலும் வந்தது. காகிதம் செய்த பொய்யை, நடந்துபோய்ச் சனங்களிடம் கேட்டு உடைத்த மனுஷன் அவர்.

இப்போது பறக்கும் மூன்று பேரிடம் திரும்புவோம். கோயா ஏன் தொப்பியின் உச்சியைப் பிளந்து வரைந்தான்? கொரோசாவுக்குப் பிளவு கிடையாது. உச்சியில் பிளவுள்ள தொப்பி வேறொன்று இருக்கிறது. பிஷப்பின் தலைப்பாகை. தீர்ப்புச் சொன்னவனின் தொப்பியும் தீர்ப்பு வாங்கினவளின் தொப்பியும் ஒரே தலையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படியானால் ஒரு நிர்வாண மனிதனைத் தூக்கி வாய் வைக்கிற இந்த மூவரும் யார்? சூனியக்காரிகளா, அவர்களை உண்டாக்கினவர்களா? என் வாசிப்பு இதுதான்: கோயா தொப்பியைத் திருப்பி வைத்திருக்கிறான். வைத்தவன் தலையிலேயே வைத்திருக்கிறான். கழுதையும் போர்வைக்காரனும் படத்தின் அடியில் இருக்கிறார்கள். குற்றம் நடப்பது மேலே.

சரி, கோயாவைக் கொண்டாடி முடித்துவிடலாமா? அதுவும் கூடாது. இந்த ஆறு சூனிய ஓவியங்களும் ஒசூனா பிரபு குடும்பத்துக்காக வரைந்தவை. 1798-இல் 6,000 ரியால் பில். கோயா அரசவை ஓவியன். பிரபுவும் சீமாட்டியும் அறிவொளி படித்தவர்கள். அவர்களுடைய ஊர்ப்புற மாளிகையில் விருந்தாளிகள் பார்த்துச் சிரிக்க வந்த படங்கள் இவை. யாரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்? பிளந்த தொப்பியைப் பார்த்துச் சிலர் சிரித்திருக்கலாம். கடாவைச் சுற்றியிருக்கும் கிழவிகளைப் பாருங்கள். சுருங்கிய முகம், பொக்கை வாய், கந்தல் துணி. பசியால் செத்த குழந்தையைக் கையில் வைத்திருக்கிற ஏழைத் தாயும் இப்படித்தான் இருப்பாள். வறுமையின் அடையாளங்களை எடுத்து அப்படியே சூனியத்தின் அடையாளங்களாக மாற்றியிருக்கிறான். மன்றம் நெருப்பு வைத்தது, மாளிகை சிரித்தது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அந்தக் கிழவியின் முகம். 'முற்போக்கு' என்று நாம் கை தட்டுகிற பல படைப்புகளில் இந்தச் சிரிப்பு ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாத வாசிப்பு நம் வாசிப்பு அல்ல.

ஆனால் கோயா அந்த மாளிகையில் நின்றுவிடவில்லை. பிறகு, பிரெஞ்சுப் படையெடுப்பும் போரும் நடந்த வருஷங்களில், யாருக்கும் விற்பதற்காக அல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்தான். அதில் கொரோசா தொப்பியும் அங்கியும் மாட்டிய மனிதர்கள் பக்கம் பக்கமாக வருகிறார்கள். பூதம் இல்லை, கடா இல்லை, பறத்தல் இல்லை. தலை கவிழ்ந்த மனுஷன், மனுஷி. ஒவ்வொன்றின் அடியிலும் எதற்காக இந்தத் தண்டனை என்று சுருக்கமாக எழுதியிருக்கிறான். வேறெங்கோ பிறந்ததற்காக. நாக்கை வேறு விதமாக அசைத்ததற்காக. யூத வம்சத்தில் வந்ததற்காக. ஒரு படத்தில் வாயில் பூட்டு மாட்டப்பட்ட பெண். பேசினாள் என்பதற்காகப் பூட்டினார்கள், எலி உண்டாக்கத் தெரிந்தவள் என்று சொல்லித் தண்டித்தார்கள், நான் இவளைச் சரகோசாவில் பார்த்தேன் என்று எழுதிவிட்டு அவள் பெயரையும் எழுதுகிறான். ஓரோசியா மொரேனோ.

மாளிகைக்கு வரைந்த படத்தில் சூனியக்காரிகளுக்குப் பெயர் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. குறியீட்டிலிருந்து பெயருக்குப் போன தூரம்தான் என்னைப் பொறுத்தவரை கோயாவின் வளர்ச்சி. 'எலி உண்டாக்கியவள்' என்ற குற்றச்சாட்டுக்குக் குறியீட்டு அகராதியில் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தால் ஓரோசியா மொரேனோ நம் கண்ணுக்குத் தெரியவே மாட்டாள்.

இது ஸ்பெயினோடு முடிந்த கதையில்லை. நம் நாட்டில் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதற்கு எதிராகப் பீகாரில் 1999-இல் தனிச் சட்டம் வந்தது. சத்தீஸ்கரில் 2005, ஒடிசாவில் 2013, ராஜஸ்தானில் 2015. சட்டம் தேவைப்பட்ட அளவுக்குக் கொலை நடந்தது, இன்னும் நடக்கிறது. குறி வைக்கப்படுகிறவர்களில் ஆதிவாசி, தலித் பெண்கள் அதிகம். விதவைகள், தனித்து வாழ்கிறவர்கள், கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள். ஜார்கண்டின் சுட்னி மஹதோ தன்மேல் குத்தப்பட்ட முத்திரையோடு ஊரைவிட்டு ஓடி, பிறகு தன்னைப் போன்ற பெண்களுக்காகப் போராடி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நம் ஆட்களும் 'அறியாமை, கல்வி இல்லை' என்று சுலபமாகச் சொல்லிவிட்டு நகர்கிறோம். நிலப் பட்டா யார் பேருக்கு மாறியது, போலீஸ் யார் புகாரை வாங்கவில்லை, முத்திரையை முதலில் உச்சரித்தவனுக்கு என்ன லாபம் என்று கேட்பதில்லை. கழுதையைக் காட்டிவிட்டுத் தொப்பியை மறந்துவிடுகிறோம்.

கடைசியாக என்னைப் பற்றி ஒன்று. என் அப்பாவைப் பெற்ற ஆயா சேரியில் பிள்ளைப்பேறு பார்த்தவர். ஊர்த்தெருவிலும் ராத்திரியில் வந்து கூட்டிப்போவார்கள், கொல்லைப்புற வழியாக. ஒரு தடவை அங்கே குழந்தை செத்துப் பிறந்தது. அன்றிலிருந்து ஆயாவுக்கு ஊர்த்தெருவில் 'சூனியக்காரி' என்று பெயர். சாகும்வரை அவர் அந்தத் தெரு வழியாகத் தண்ணீருக்குப் போகவில்லை, சுற்றித்தான் போனார். நான் ஆயாவைப் பற்றி மூன்று கவிதை எழுதியிருக்கிறேன். மூன்றிலும் 'கிழவி' என்றும் 'சூனியக்காரி' என்றும்தான் வருகிறது. கோபத்தோடுதான் எழுதினேன், அந்த வசவையே ஆயுதமாக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. அந்த வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகுதான் இது உறைத்தது. ஊர்த்தெரு வைத்த தொப்பியை நான் கழற்றவில்லை, அழகாக வண்ணம் பூசியிருக்கிறேன்.

மாணவத் தோழருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பட்டியலைத் தூக்கியெறிய வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இன்னொரு பத்தியை விட்டு வையுங்கள். இதை யார் வைத்தது, யார் எழுதியது, யாருக்கு லாபம், வாங்கிக்கொண்ட ஆளின் பெயர் என்ன? முதல் மூன்றுக்குப் பதில் புத்தகங்களில் கிடைக்கும். நாலாவதுக்குப் பல நேரம் நடந்துபோய்த்தான் கேட்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். ரேஷன் கார்டில் ஒரு பெயர், தெருவில் கூப்பிட்டது வேறொரு பெயர் என்றார். இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.